சாட்சி பாடிக்காட்டினார்

அக்டோபர் 7, ஞாயிறு. குன்னூர்

ஆணையை மீண்டும் ஒருமுறை முழுமையாகப் படித்தேன். வாதி எஸ்தர் தேவசகாயம், வயது எழுபத்து நான்கு, நுரையீரல் நோயின் காரணமாகச் சென்னைக்கு வர இயலாதவர். அவருடைய சாட்சியத்தை அவரது இல்லத்திலேயே பதிவுசெய்து நீதிமன்றத்துக்கு அனுப்பவேண்டியது, வழக்கறிஞர் ஆணையராகிய எனது கடமை. சொன்னதை எழுதவேண்டும்; சொல்லாததை எழுதலாகாது. எடைபோடுவது நீதிபதியின் வேலை.

வழக்கு சிறியது. 1966 ஜூலையில் சென்னையில் ஓர் இசைத்தட்டு பதிவாயிற்று. ப்ளூஸ் வகைப் பாடல். பெயர் ‘ரெயின் ஆன் தி சவுத் லைன்’. தட்டின் மேல் பாடகியின் பெயர் ஐரிஸ் ஹோம்ஸ் என்று அச்சாகியுள்ளது. அவர் இசைக்குழுத் தலைவர் ரெஜி ஹோம்ஸின் மனைவி. இருவரும் ஆஸ்திரேலியாவுக்குப் போய், அங்கேயே காலமாகிவிட்டனர். சென்ற ஆண்டு ஒரு நிறுவனம் அத்தட்டை மறுவெளியீடு செய்தது. பத்திரிகைகள் ஐரிஸைக் கொண்டாடின. தட்டில் ஒலிப்பது தன் குரல் என்பது வாதியின் கூற்று. இழப்பீடு எதையும் அவர் கோரவில்லை. அக்குரல் எஸ்தர் தேவசகாயத்தினுடையது என்ற விளம்புகை, அதாவது நீதிமன்ற அறிவிப்பு, ஒன்றே போதும் என்கிறார்.

‘இவ்வழக்கின் எத்தரப்பினரையும் நான் அறியேன்’ என்ற உறுதிமொழியில் சென்ற மாதமே கையொப்பமிட்டிருக்கிறேன். ‘அறியேன்’ என்ற சொல்லருகே பேனா சற்று நின்றது. மை கசியவில்லை.

இந்த வயதில் இத்தனை தூரம் ஏன் என்று மகள் கேட்டாள். குன்னூரின் தட்பவெப்பம் என் மூட்டுகளுக்கு உகந்தது என்றேன். உகந்ததன்று.

அக்டோபர் 8, திங்கள்

தேவாலயத்துக்குக் கீழே சரிவில் இறங்கும் நாற்பத்தோரு படிகள். இரண்டு அறைகள் கொண்ட வீடு. ஜன்னலைத் திறந்தால் மூடுபனி வீட்டுக்குள் நடந்து வந்து, நாற்காலிகளைப் பார்வையிட்டுவிட்டுத் திரும்பிப் போகிறது. வாதியின் தங்கை லில்லி, ஓய்வுபெற்ற செவிலியர், கதவைத் திறந்தார்.

“கமிஷனர் சாரா? நான் போலீஸ் கமிஷனர்னு நெனச்சு அக்காவ மிரட்டி வெச்சிருக்கேன். ஷூவக் கழட்டாதீங்க, தரை ஐஸு.”

வாதி கட்டிலில் தலையணைகளில் சாய்ந்திருந்தார். மூக்கில் பிராணவாயுக் குழாய். காலடியில் இயந்திரம் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் மட்டுமே பேசலாம் என்பது மருத்துவரின் அனுமதி.

வாதிக்காகச் செல்வி நூருன்னிசா; நிறுவனத்துக்காகத் திரு. ரங்கபாஷ்யம். நூருன்னிசா முதல் விசாரணையைத் தொடங்கினார்.

திருச்சி பொன்மலை ரயில்வே குடியிருப்பில் பிறந்ததாகச் சாட்சி கூறினார். தந்தை தேவசகாயம் ஓர் ஆங்கிலோ இந்திய எஞ்சின் டிரைவரின் வீட்டில் சமையற்காரர். தாயார் சிறுவயதிலேயே இறந்துவிட்டார். டிரைவர் வீட்டுக் கிராமபோனில் ஓடிய பாடல்களை, சமையலறைச் சுவருக்கு இப்பாலிருந்து கேட்டுக் கற்றார்.

“இங்கிலீஷ் தெரியுமாம்மா அப்ப?”

“ஒரு எழுத்து தெரியாது. சத்தம் தெரியும். அது அழுவுதா கோவிக்குதான்னு தெரியும். அது போதாதா?”

‘பொருள் அறியாமல் ஒலியால் கற்றேன்’ என்று எழுதினேன். சரியாகத்தான் இருக்கிறது. ஆயினும் எழுதியபின் அது சற்று உலர்ந்துவிட்டது.

அக்டோபர் 9, செவ்வாய்

இன்று அவருடைய தொழில் வாழ்க்கை.

பதினெட்டு வயதில், பொன்மலை ரயில்வே ஊழியர்களின் மன்றமான இன்ஸ்டிடியூட்டில், ஹோம்ஸ் குழுவுடன் பாடத் தொடங்கினார். தேவசகாயம் என்ற பெயர் விளம்பரப் பலகையில் அடங்காது என்று ரெஜி அதை ‘டேவிஸ்’ ஆக்கினார். பிறகு சென்னை ஹோட்டல்கள், இரண்டு குளிர்காலம் கல்கத்தா, ஓராண்டு பெங்களூர். ஹோம்ஸ் தம்பதியர் கப்பலேறிய பின் வாய்ப்புகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. திரைப்படங்களில் கிளப் நடனக் காட்சிகளுக்குப் பின்னணியில் ‘லாலலா’ பாடினார். கடைசியில் தேவாலயப் பாடகர் குழுவில் சேர்ந்தார். அங்கே சுரத்தை வளைக்காதே என்று பாதிரியார் கண்டித்ததால் உதட்டை மட்டும் அசைத்தார்.

“சுரத்தை வளைப்பது என்றால்?” என்று நூருன்னிசா கேட்டார்.

“ப்ளூஸ்ல சில சுரம் நேரா நிக்காது கண்ணு. கொஞ்சம் சரியும். இந்த வீட்டு வாசப்படி மாதிரி. தண்ணி ஊத்துனா ஒரு பக்கமா ஓடும் பாரு, அப்படி.”

“இன்னும் விளக்க முடியுமா?”

அவர் காலடியிலிருந்த இயந்திரத்தின் முனகலைச் சிறிது நேரம் கேட்டார். பிறகு அதே சுருதியைப் பிடித்து, ஒரே ஒரு சுரத்தைப் பாடினார். அது இருக்கவேண்டிய இடத்துக்குச் சற்றுக் கீழே நின்று, மேலே போக மனமின்றி, கீழே விழவும் மனமின்றி, மூடுபனி போல அறைக்குள் மிதந்தது. மூன்று நொடிகள் இருக்கலாம். பிறகு இருமல்.

“ஆட்சேபணை,” என்றார் ரங்கபாஷ்யம். “சாட்சி பதில் சொல்லணும். பாடக் கூடாது. பாட்டை எப்படி சார் எழுதுவீங்க?”

கேள்வி நியாயமானது. நாற்பத்தைந்து ஆண்டுத் தொழிலில் எனக்கு இந்நிலை நேர்ந்ததில்லை. சாட்சி அழுதால் ‘அழுதார்’ என்று எழுத இடமுண்டு. மௌனமாக இருந்தால் அதற்கும் இடமுண்டு. நெடுநேரம் யோசித்து, அடைப்புக்குறிக்குள் ‘சாட்சி பாடிக்காட்டினார்’ என்று எழுதி, ஆட்சேபணையையும் பதிந்தேன்.

“என்ன எழுதுனீங்க?” என்று வாதி கேட்டார். படித்துக் காட்டினேன்.

“அவ்வளவுதானா? இதுக்கா அறுவது வருஷம்!” என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆணையர் சிரிப்பதற்குத் தடை ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை.

பிற்பகலில் விடுதியில் உறங்கிவிட்டேன். கனவில் மிதிவண்டியின் சங்கிலி கழன்றிருந்தது. ஒரு சுவரோரமாக அதைத் தள்ளிக்கொண்டு போனேன். சுவருக்கு அப்பால் டிரம்பெட். என்ன சுவர் என்பதை எழுதவேண்டிய அவசியமில்லை.

அக்டோபர் 10, புதன்

வாதிக்கு மூச்சுத்திணறல். விசாரணை இல்லை. மழை. வர்க்கி பிஸ்கட் வாங்கித் தேநீரில் நனைத்துத் தின்றேன். மலை ரயில் இருமுறை கூவியது. அதன் சுரமும் நேராக நிற்கவில்லை.

அக்டோபர் 11, வியாழன்

இசைத்தட்டுப் பதிவு நாளைப் பற்றிய சாட்சியம். இயன்றவரை சொற்படியே எழுதியிருக்கிறேன்.

அன்று ஐரிஸுக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஸ்டுடியோவை மறுநாளுக்கு மாற்ற வழியில்லை. ரெஜி எஸ்தரைப் பார்த்து, ‘நீ பாடு’ என்றார். ஒரே தடவையில் பதிவாயிற்று. தட்டு வந்தபோது ஐரிஸின் படமும் பெயரும் இருந்தன. கேட்டதற்கு, அட்டை முன்னமே அச்சாகிவிட்டது, அடுத்த தட்டில் உன் பெயர் வரும் என்றார் ரெஜி. அடுத்த தட்டு வரவில்லை.

“அப்ப ஏன் வழக்குப் போடல?”

“ஐரிஸ் நல்லவ. எனக்கு அவ கவுன் குடுத்திருக்கா. அவ உசுரோட இருக்கறவரைக்கும் கேக்க மனசு வரல.”

“இப்ப ஏன்?”

வாதி ஜன்னலைப் பார்த்திருந்தார்.

“போன வருஷம் பக்கத்து வீட்டுப் பிள்ளை போன்ல போட்டுக் காட்டுச்சு. எனக்கு இப்ப மாடிப்படி ஏற மூச்சில்ல. அதுல மூச்சு விடாம பன்னெண்டு எண்ணுற வரைக்கும் ஒரே சுரத்தை இழுக்கறா ஒருத்தி. யாருடி அவன்னு கேட்டேன். ஐரிஸ்னு சொல்லுது. எனக்கு மூச்சு இருந்ததுங்கறதுக்கு வேற அத்தாட்சி இல்ல சார். அது ஒண்ணுதான்.”

எழுதினேன்.

பொன்மலை ஒத்திகைகளைப் பற்றியும் கூறினார். சனிக்கிழமை பிற்பகல்களில் இன்ஸ்டிடியூட் மண்டபத்தில், காற்றுக்காக ஜன்னலோரமாக நின்று பாடுவாராம். இப்பாடலை 1966 தொடக்கத்திலிருந்தே அங்கு பாடி வந்தாராம்.

பாடலில் இரண்டாம் சரணத்துக்குப் பின் சொற்களின்றி வெறும் ஒலிகளாகச் சில வரிகள் வருகின்றன. ஜாஸ் பாடகர்கள் அவ்விதம் பாடுவது வழக்கம். ஒவ்வொரு வரிக்கும் டிரம்பெட் பதில் சொல்கிறது. பத்திரிகைகள் பெரிதும் புகழ்ந்தது இப்பகுதியைத்தான். நூருன்னிசா இதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்பார் என எதிர்பார்த்தேன்.

ஆணையர் எதையும் எதிர்பார்க்கலாகாது.

அக்டோபர் 12, வெள்ளி

குறுக்கு விசாரணை. நடந்ததை வரிசை மாறாமல் எழுதுகிறேன்.

ரங்கபாஷ்யம் கெட்டிக்காரர், இனிமையாகவே தொடங்கினார்.

“அம்மா, கோரஸ்ல நீங்க இருந்திருக்கலாம். நான் இல்லேங்கல. ஆனா லீட் வாய்ஸ் ஐரிஸ் அம்மாதான்னு அட்டை சொல்லுது.”

“அட்டை பாடுமா தம்பி?”

“பாடாது. ஆனா பொய் சொல்லாது.”

“எத்தனை கல்யாணப் பத்திரிகை பாத்திருக்கீங்க நீங்க?”

அதன்பின் அவர் ஒரு பத்திரிகைக் கட்டுரையைக் காட்டினார். அந்த ஒலி வரிகள் ஐரிஸ் ஹோம்ஸின் ஆழ்மனத்திலிருந்து எழுந்த, எம்மொழிக்கும் உரியதல்லாத புராதன ஓலம் என்று ஒரு விமர்சகர் எழுதியிருந்தார். தன் கைபேசியைச் சிறிய ஒலிபெருக்கியோடு இணைத்து அப்பகுதியை ஒலிக்கவிட்டார்.

“இந்தச் சத்தத்தை உண்டாக்கினது நீங்கன்னா, இது எங்கிருந்து வந்ததுன்னு சொல்லுங்க.”

வாதி தலைகுனிந்தார். முகம் சிவந்தது. போர்வையின் ஓரத்தை மடித்து மடித்து நீவினார்.

“சாட்சி பதில் சொல்லலைன்னு எழுதிக்கலாமா சார்?” என்றார் ரங்கபாஷ்யம். “இன்னொரு தடவை போடறேன். பொறுமையா யோசிங்க.”

மீண்டும் ஒலித்தது. அக்குரல் இறங்கி, வளைந்து, ஒரு கேள்வி போல மேலே தூக்கி நின்றது. டிரம்பெட் பதில் சொல்லவேண்டிய இடைவெளி.

“ஊறுகா!” என்றது சமையலறை.

தேநீர்க் கோப்பைகளோடு லில்லி வாயிலில் வந்து நின்று, நாக்கைக் கடித்துக்கொண்டார். “ஐயோ, பழக்கதோஷம். மன்னிச்சுக்கங்க.”

“லில்லி!” என்று அதட்டிய வாதி, அதட்டலை முடிக்காமலே சிரிக்கத் தொடங்கினார். இருமினார். மறுபடியும் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“ஓலமும் இல்ல, ஆழ்மனசும் இல்ல தம்பி. ஒத்திகையில ஒருநாள் இங்கிலீஷ் வரி மறந்துபோச்சு. வாயில வந்ததைப் பாடிட்டேன். ‘சோத்துக்குத் தொட்டுக்க... தொட்டுக்க... தொட்டுக்க என்னடி?’ வீட்ல தெனம் நான் இவளக் கேக்கறது. அம்மா இல்லாத வீடு. சோறு ஆக்கிருவேன். தொட்டுக்கத்தான் ஒண்ணும் இருக்காது. இவ ஊறுகாம்பா. தெனம் அதே பதில்தான். ரெஜிக்கு ஒண்ணும் புரியல. பிரமாதம், அதையே வெச்சுக்கன்னுட்டார்.”

“இதை ஏம்மா எங்கிட்ட சொல்லல?” நூருன்னிசாவின் குரல் கீச்சிட்டது.

“எப்படிச் சொல்றது? உலகமே ஓலம்ங்குது. நான் போயி, அது ஊறுகா சமாச்சாரம்ங்கறதா? வரி மறந்த பாட்டுக்காரின்னு பேர் வாங்கவா வழக்குப் போட்டேன்?”

மூன்றாம் முறையாக ரங்கபாஷ்யமே அதை ஒலிக்கவிட்டார். ஆங்கிலம் என எண்ணிக் கேட்ட காதுக்கு இத்தனை நாள் விழாத தமிழ், இப்போது ஐயத்திற்கிடமின்றி விழுந்தது. ‘தொட்டுக்க’ என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் நேர்ச்சொல் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஐரிஸ் ஹோம்ஸுக்கு அச்சொல் தேவைப்பட்டிருக்க வாய்ப்பே இல்லை.

ஆனால் ரங்கபாஷ்யம் விரைவில் சுதாரித்துக்கொண்டார். “தமிழா இருக்கட்டும். யார் வீட்டுத் தமிழ்? பேசி வெச்சுக்கிட்டு அக்கா தங்கச்சி சொல்றாங்க. அந்தக் காலத்துல இவங்க வாயால இதைக் கேட்ட வெளியாள் ஒருத்தரக் கூட்டிட்டு வாங்க, பார்க்கலாம்.”

“பேண்ட்ல இருந்த எல்லாரும் போய்ட்டாங்க,” என்றார் வாதி.

‘சமையலறையிலிருந்து சாட்சியின் தங்கை “ஊறுகா” என்றார், ஆட்சேபிக்கப்பட்டது’ என்று எழுதினேன். அடுத்த வரியை எழுதுமுன் பேனாவை மூடித் திறந்தேன்.

அக்டோபர் 13, சனி

சாட்சியத்தை வாசித்துக் காட்டிக் கையொப்பம் பெறும் நாள். வழக்கறிஞர்கள் இருவரும் உடனிருந்தனர். பதினொன்றாம் பக்கத்தில் வாதி கையை உயர்த்தினார்.

“அதைத் திருப்பிப் படிங்க.”

“‘சனிக்கிழமை ஒத்திகைகளில், பச்சைக் கம்பிவலை பொருத்திய ஜன்னலருகே நின்று பாடுவேன்.’”

“பச்சைன்னு நான் சொன்னேனா?”

நூருன்னிசா தன் குறிப்பைப் புரட்டினார். ரங்கபாஷ்யமும் புரட்டினார். இருவரிடமும் ‘ஜன்னல்’ மட்டுமே இருந்தது.

“ஆனா பச்சைதான்,” என்றார் வாதி மெதுவாக. “பச்சைக் கம்பிவலை. நான்தான் சொல்லியிருப்பேன்போல.”

“அம்மாவே ஒத்துக்கறாங்க. விடுங்க சார்,” என்றார் ரங்கபாஷ்யம்.

அவர் சொல்லவில்லை. நாற்பத்தைந்து ஆண்டுகளில், சாட்சி சொல்லாத ஒரு சொல்லை நான் எழுதியது இதுவே முதல் முறை. அச்சொல்லை அடித்து, ஓரத்தில் சுருக்கொப்பமிட்டேன். வாதி எல்லாப் பக்கங்களிலும் கையொப்பமிட்டார். ஒவ்வொரு முறையும் ‘தேவசகாயம்’ என்று முழுமையாக.

மற்றவர்கள் படியேறத் தொடங்கினர். வழக்குக் கோப்பைக் கட்டிக்கொண்டிருந்த என்னை வாதி அழைத்தார்.

“வக்கீல் சார். ஒத்திகையில நான் வரி மறந்த அன்னைக்கு, ஹால்ல ஒருத்தருக்கும் அது புரியல. ஜன்னலுக்கு வெளிய மட்டும் யாரோ களுக்குனு சிரிச்சாங்க. திரும்பிப் பாத்தேன். ஒரு சைக்கிள் ஓடுச்சு.” மூச்செடுத்துக்கொண்டார். “ரொம்ப நாள் கோவமா இருந்துச்சு. அப்புறம் தோணுச்சு, நான் பாடினது ஒரே ஒரு ஆளுக்காவது புரிஞ்சுதேன்னு. சிரிச்சது நீங்கதானா?”

சாட்சியோடு ஆணையர் தனிமையில் உரையாடலாகாது. நான் உரையாடவில்லை. நாற்பத்தோரு படிகளையும் ஏறியபின்தான் குடையை அங்கேயே விட்டுவந்தது தெரிந்தது.

அக்டோபர் 14, ஞாயிறு

காலையிலிருந்து ஜன்னலில் பனி. எதிர்மலை இருக்கிறதா என்பதற்குக்கூட அத்தாட்சி இல்லை.

நிலைமையை எனக்கே தெளிவுபடுத்திக்கொள்ள எழுதுகிறேன். 1966 ஜனவரியில் நான் திருச்சியில் புகுமுக வகுப்பு மாணவன், வயது பதினேழு. சனிக்கிழமைகளில் பொன்மலைக்கு மிதிவண்டியில் போவேன். இன்ஸ்டிடியூட்டின் உள்ளே எங்களைப் போன்ற வெளியாட்களுக்கு அனுமதியில்லை. பின்புறச் சுவரோரம் நின்று, பச்சைக் கம்பிவலையின் கிழிந்த மூலை வழியாகக் கேட்பேன். எத்தனை சனிக்கிழமைகள் என்பது நினைவில்லை. பதினான்கு.

பாடியவரின் முகம் தெரிந்ததில்லை. கழுத்தும், ஒரு மஞ்சள் ரிப்பனும் மட்டும். பெயர், வாயிற்பலகையில், எஸ்தர் டேவிஸ். ஆகவே ‘தரப்பினரை அறியேன்’ என்ற உறுதிமொழி சொல்லளவில் பொய்யன்று எனச் சென்ற மாதம் எனக்குள் வாதிட்டு வென்றேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இல்லாத வழக்கில் வெல்வது எளிது.

இப்போது, தட்டு வெளிவருவதற்கு ஆறு மாதம் முன்பே அவ்வரியை அவர் வாயால் கேட்ட வெளியாள் உலகில் நான் ஒருவன்தான். நான் பேசாவிட்டால் என் பெயருக்கு இழுக்கில்லை; அவர் பெயர் தட்டில் ஏறாமலே போகலாம். பேசினால், தவறான உறுதிமொழி அளித்தவன் ஆவேன். அதைவிடக் கொடியது, நான் பதிவுசெய்த சாட்சியமே ரத்தாகி அவர் மீண்டும் முதலிலிருந்து பேசவேண்டி வரலாம். அதற்கு மூச்சு வேண்டும். இனி இப்படி ஐந்து நாள் முடியாது என்று லில்லி நேற்று சொன்னார்.

மறைந்த என் மனைவி கோமதி, நான் எதையும் முணுமுணுக்கக்கூட மாட்டேன் என்று குறைபட்டுக்கொள்வாள். ஒரே ஒரு பாட்டுதான் தெரியும் என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். என்ன பாட்டு என்று கேட்டிருப்பாள்.

அக்டோபர் 15, திங்கள்

விடுதியின் சிற்றுண்டிக் கூடத்தில் வழக்கறிஞர்கள் இருவரும் புறப்படுமுன் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நின்றபடியே சொல்லி முடித்தேன். நான்கு வாக்கியங்கள்.

ரங்கபாஷ்யம் தோசையைக் கீழே வைத்தார். “சார், நீங்க ஜோக் அடிச்சு நான் பார்த்ததே இல்ல. இது ஜோக்கா?”

“இல்லை.”

“என்ன வரி கேட்டீங்க சார்?” என்று நூருன்னிசா எழுந்தே விட்டார்.

“அதை இங்கே சொல்லலாகாது. கூண்டில் கேளுங்கள்.”

ரங்கபாஷ்யம் சொன்னார்: “நான் உங்களக் கிழிச்சிடுவேன் சார், தெரியுமில்ல? வலை என்ன கலர்லேருந்து ஆரம்பிப்பேன்.”

“ஆரம்பியுங்கள்.”

“ஆனா ஒண்ணு. அந்தம்மாவை மறுபடியும் பேசவைக்க எனக்கு மனசு வரல. நீங்க எழுதினதுல தப்பில்லேன்னு நானும் கையெழுத்துப் போடறேன்.” தோசையை மீண்டும் எடுத்தார். “அந்த ஒரு வார்த்தையைத் தவிர.”

அக்டோபர் 22, திங்கள். சென்னை

சாட்சியத்தை முத்திரையிட்டு ஒப்படைத்தேன். உடன், உண்மை விளக்கக் குறிப்பு ஒன்று, இரண்டு பக்கம். என்னை ஆணையர் பொறுப்பிலிருந்து விடுவிக்கவும், உரிய நடவடிக்கைக்கு உட்படுத்தவும் கோரியிருக்கிறேன். எழுத்தர் அதைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

நவம்பர் 14, புதன்

வாதியின் சாட்சியம் செல்லும் என்று உத்தரவு. என் உறுதிமொழி குறித்து விளக்கம் கேட்டு பார் கவுன்சிலிலிருந்து தனியே நோட்டீஸ். வாதி தரப்பு இரண்டாம் சாட்சியாக எனக்கு அழைப்பாணை. என் பெயரை அழைப்பாணையில் படிப்பது இதுவே முதல் முறை. எழுத்துப்பிழை இருந்தது. திருத்தவில்லை.

டிசம்பர் 12, புதன்

கூண்டு நான் எண்ணியிருந்ததைவிடக் குறுகலானது.

கேட்டதைச் சொன்னேன். எவ்வாறு பாடப்பட்டது என்று நூருன்னிசா கேட்டார். ரங்கபாஷ்யம் ஆட்சேபித்தார். நீதிபதி அனுமதித்தார். பிராணவாயு இயந்திரத்தின் முனகலை நினைவில் பிடித்துக்கொண்டு பாடினேன். மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. பின்வரிசையில் வேறு வழக்குக்கு வந்த யாரோ ஒரு கட்சிக்காரர் வாயைப் பிளந்திருந்தார்.

தட்டச்சர் விரல்களைத் தூக்கியபடி நீதிபதியைப் பார்த்தார். “இதை எப்படிப் போடறதுங்கய்யா?”

“‘சாட்சி பாடிக்காட்டினார்’ என்று அடைப்புக்குறிக்குள் போடுங்கள்,” என்றேன்.

“சாட்சி, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னால் போதும்,” என்றார் நீதிபதி. மன்னிப்புக் கோரினேன்.

ரங்கபாஷ்யம் எழுந்தார்.

“ஜன்னல் வலை என்ன நிறம்?”

“பச்சை. வலது கீழ் மூலை கிழிந்திருந்தது.”

“ஐம்பத்திரண்டு வருஷமா இதை ஏன் யார்கிட்டயும் சொல்லலை?”

“யாரும் கேட்கவில்லை.”

“வாதியைத் தெரிஞ்சிருந்தும் ஆணையர் பொறுப்பை ஏன் ஏத்துக்கிட்டீங்க?”

சத்தியப் பிரமாணத்தின் கீழ் நின்றமையால், தட்பவெப்பம் என்று கூற இயலவில்லை.

“இன்னொரு முறை கேட்க விரும்பினேன்,” என்றேன்.

அவர் தாள்களைப் புரட்டினார். “வேறு கேள்வி இல்லை,” என்றார்.

ஜனவரி 21, திங்கள்

தீர்ப்பு. விளம்புகை கோரியபடி வழங்கப்பட்டது. இனி அச்சாகும் எல்லாப் பிரதிகளிலும் பாடகியின் பெயர் எஸ்தர் தேவசகாயம் என்று இருக்கவேண்டும். டேவிஸ் அல்ல. என் நடத்தையைக் கண்டித்து அதில் ஒரு பத்தி இருக்கிறது. துல்லியமான பத்தி, குறைசொல்ல ஏதுமில்லை. பார் கவுன்சிலின் விசாரணை அடுத்த மாதம்.

நூருன்னிசா முன்னமே குன்னூருக்குச் சொல்லியிருந்தார். ஆயினும் நான்கு மணிக்குத் தொலைபேசினேன். இனி உரையாடுவதற்குத் தடையில்லை. லில்லி எடுத்தார்.

“கமிஷனர் சார்! உங்க குடை இங்கதான் இருக்கு. அக்கா காலைலேருந்து பேப்பர்ல தேவசகாயம் தேவசகாயம்னு எழுதிப் பாத்துக்கிட்டிருக்கு, ஸ்கூல் புள்ள மாதிரி. இருங்க, காதுல வெக்கறேன்.”

முதலில் இயந்திரத்தின் முனகல் கேட்டது. அதன்பின் மூச்சு.

“கோர்ட்ல பாடுனீங்களாமே,” என்றார் எஸ்தர். “எங்க, பாடுங்க.”

இங்கே யாரும் இல்லை. சமையலறையில் பால் மட்டும் காய்ந்துகொண்டிருந்தது. பாடினேன்.

“நேரா நிக்குது சார். கம்பம் மாதிரி. கடைசியில கொஞ்சம் சரிக்கணும்.”

எனக்குப் பழக்கமில்லை என்றேன்.

“சரிஞ்சா ஒண்ணும் விழுந்துற மாட்டீங்க. பாடுங்க.”

மறுபடியும் பாடினேன். சோத்துக்குத் தொட்டுக்க. தொட்டுக்க. கடைசி ‘என்னடி’யில் இருக்கவேண்டிய இடத்துக்குச் சற்றுக் கீழே, மனமறிந்து, நின்றேன். டிரம்பெட்டின் இடைவெளி வந்தது. இயந்திரம் முனகியது. ஒரு மூச்சு, இன்னொரு மூச்சு. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று எண்ணினேன்.

“ஊறுகா,” என்றார், பாட்டாகவே.